உங்கள் தங்கையின் புத்தகங்களில் நான் கத்தரி வைத்த விவரம்

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்கால் நலம். பின்பக்கம் கசிந்துகொண்டிருந்த குழாய் நலம், நானே சரிசெய்தேன். மகளும் மருமகனும் அவர்கள் வீட்டில் நலம். உங்கள் வீட்டிலும் உங்கள் பழைய புத்தகக் கடையிலும் எல்லாரும் எல்லாமும் அவ்வாறே இருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் தங்கையைப் பற்றி மட்டும் அந்த வார்த்தையை எழுதப் பேனா மறுக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயந்துவிடாதீர்கள். ஆனால் கடிதம் கண்டவுடன் கடையை அடைத்துவிட்டு நீங்கள் கிளம்பி வர வேண்டும். ஏன் என்பதை முழுதாகச் சொன்னால்தான் என்னை எந்த அளவுக்குத் திட்டலாம் என்று நீங்கள் முடிவு செய்ய வசதியாக இருக்கும்.

எல்லாம் நான் ஓய்வு பெற்றதிலிருந்து ஆரம்பம். உங்களுக்கே தெரியும், லிஃப்ட் சோதனை செய்கிற வேலையில் இருந்தவனுக்கு வீடு என்பது தூங்கி எழுந்து போகிற இடம். உங்கள் தங்கை நாவல் எழுதுகிறாள் என்பது எனக்குத் தெரியும், இல்லை என்று சொல்லவில்லை. புத்தகம் வரும், அட்டையில் பெயர் இருக்கும், விழாவில் என்னை முன்வரிசையில் உட்கார வைப்பார்கள், மற்றவர்கள் கைதட்டும்போது நானும் தட்டுவேன். ஆனால் அவள் எப்படி எழுதுகிறாள் என்று நான் பார்த்ததே இல்லை. காலையில் உட்காருவாள், சாயங்காலம் எழுந்திருப்பாள், நடுவில் எழுதித் தள்ளுவாள் என்று நானாக ஒரு படம் போட்டு வைத்திருந்தேன். அதனால் வீட்டில் இருக்க ஆரம்பித்த முதல் நாள் செருப்புச் சத்தம்கூட வராமல் நடந்தேன். எட்டிப் பார்த்தால் படித்துக்கொண்டிருக்கிறாள். சரி, எழுதுவதற்கு முன்னால் கொஞ்சம் படிப்பாள்போல என்று வந்துவிட்டேன். மதியம் பார்த்தால் படிக்கிறாள். சாயங்காலம் பார்த்தால் நாற்காலி மாறியிருக்கிறது, படிப்பது மாறவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று படிக்கிறாள், பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து தரையில் ஓடுகிறது, காலை மட்டும் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறாள். எனக்குப் பகீரென்றது. இத்தனை வருஷமாக இதுதான் நடந்திருக்கிறதா, அப்படியென்றால் அந்த நாவல்களை எல்லாம் யார் எழுதினார்கள்?

அந்தச் சமயம் பார்த்துப் பதிப்பாளர் போன் செய்தார். உங்கள் தங்கை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள், நான்தான் எடுத்தேன். "நாவல் எந்த அளவுல இருக்கு சார்?" என்றார். நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். "எழுதவே இல்லைங்க. பொழுதன்னைக்கும் கதைப் புத்தகந்தான். நான் கொஞ்சம் கண்டிச்சு வைக்கிறேன்" என்றேன். மனிதர் பதறிவிட்டார். "சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஒண்ணும் சொல்லிடாதீங்க. அவங்க படிக்கிற வரைக்கும் எனக்குக் கவலையே இல்ல. படிக்கிறத நிறுத்திட்டாங்கன்னாதான் நான் பயப்படணும்" என்றார். இந்த வாக்கியத்தை நினைவில் வையுங்கள் மச்சான், பின்னால் வேண்டியிருக்கும்.

அவர் கேட்ட நாவல் எது என்று உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் அம்மாவைப் பற்றியது. பெயரை மாற்றியிருக்கிறாள், வீட்டை மாற்றியிருக்கிறாள், உங்களுக்கு மீசை வைத்திருக்கிறாள், ஆனால் அத்தையேதான். எல்லாம் எழுதியாகிவிட்டது. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அதில் அத்தை இறந்துபோக வேண்டும், நிஜத்தில் நடந்ததுபோல. அதை எழுத உட்காருகிறாள், எழுந்துவிடுகிறாள். "ஒரு தடவை பாத்தது போதாதா? என் கையாலேயே இன்னொரு தடவை கொல்லணுமா?" என்று ஒரு நாள் என்னிடம் கேட்டாள். பாலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு நான் குறுக்கே போகவில்லை, வேடிக்கை பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. காலையில் எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் சுவரைப் பார்த்து உரக்கப் படிக்கிறாள். தினமும் அதே பக்கம். எதற்கு என்றால், "காதை வழிக்குக் கொண்டு வர்றேன்" என்கிறாள். அட்டை போய், முதல் தாளும் போய், யார் எழுதினது என்றே தெரியாத ஒரு மெலிந்த புத்தகம், அதுதான் அவளுக்கு வாக்கியத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று கற்றுக் கொடுத்ததாம். எவ்வளவு மரியாதையாக அதைத் தூக்குகிறாள் தெரியுமா, பிறந்த குழந்தைக்குத் தலை நிற்காதே, அப்படி. எழுதி வைத்ததைத் திருத்தும்போது யாராவது கோபப்பட வேண்டிய இடம் வந்தால் இன்னொரு புத்தகத்தை எடுத்து இரண்டு பக்கம் படிக்கிறாள், முகம் சிவந்து வருகிறது, அந்தச் சூட்டோடு போய் எழுதுகிறாள். அந்த நேரத்தில் காபி வேண்டும் என்று கேட்டு நான் பட்ட பாட்டைத் தனியாக எழுதுகிறேன். ஒரு நாள் சாப்பிடும்போது, "அந்தப் பெரியம்மாவுக்கு ரொம்ப முடியலங்க, இன்னிக்கோ நாளைக்கோ" என்று கண் கலங்கினாள். நான் சட்டையை மாற்றிக்கொண்டு போய் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து, "எந்த ஆஸ்பத்திரி, கிளம்பு" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பதினோராவது அத்தியாயம்" என்றாள். பழத்தை நாங்களே சாப்பிட்டோம். பெரியம்மா பிழைத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு பேர் என் வீட்டில் குடியிருந்திருக்கிறார்கள் மச்சான். நான் இருட்டின பிறகு வந்து சாப்பிட்டுப் படுத்து, நாங்கள் ரெண்டே பேர்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கை எங்கள் மகளைப் பார்க்க ஒரு நாள் போயிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அலமாரி இருக்கிறது, அதில் அவளுக்கு ரொம்பப் பிடித்த புத்தகங்கள் மட்டும் இருக்கும். தூசி தட்டலாம் என்று திறந்தேன். நல்ல எண்ணம்தான், அதை மட்டும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்றை எடுத்துப் புரட்டினால் கடைசியில் புரளவில்லை. பார்த்தால் கடைசிப் பக்கங்களின் விளிம்பை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து நூலால் தைத்திருக்கிறது. இன்னொன்றை எடுத்தேன், அதிலும் தையல், பச்சை நூல். அடுத்ததில் மஞ்சள். அத்தனை புத்தகத்திலும் கடைசி அத்தியாயம் தையலுக்குள் இருக்கிறது. எல்லாம் உங்கள் கடையிலிருந்து வந்த சரக்கு என்பதால் பைண்டிங்கில் ஏதோ கோளாறு என்று நினைத்துவிட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாவம், இத்தனை வருஷம் முடிவு தெரியாமல் படித்திருக்கிறாளே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்கு வருத்தமாகப் போய்விட்டது. ரெண்டு மாடிக்கு நடுவில் ஆளோடு நின்றுபோன லிஃப்டைப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. தையல் டப்பாவிலிருந்து கத்தரியை எடுத்தேன். ஒன்றுவிடாமல் வெட்டிவிட்டேன்.

வெட்டினவன் மூடி வைத்துவிட்டுப் போயிருந்தால் குடி முழுகியிருக்காது. பக்கமெல்லாம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் அல்லவா. லிஃப்ட் சோதிக்கிறவன் கீழே இருந்து ஆரம்பிக்க மாட்டான், முதலில் மேலே மெஷின் அறைக்குத்தான் ஏறுவான். பழக்க தோஷம், நேராகக் கடைசி அத்தியாயத்தின் கடைசிச் சில பக்கங்களில் ஆரம்பித்தேன். பச்சை நூல் போட்டிருந்த புத்தகம்.

மச்சான், எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தப் பக்கங்களில் ஒரு வயதான பெண் ஒரு வீட்டைப் பூட்டுகிறாள். அவ்வளவுதான் நடக்கிறது. ஒவ்வொரு அறையாகப் போய் ஜன்னலைச் சாத்துகிறாள். கொடியில் மறந்து விட்டிருந்த ஒரு துண்டை எடுத்து மடித்து வைக்கிறாள். வாசலில் ஒரு ஆள் நிற்கிறான். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவனிடம் கொடுத்து, "தொட்டி மூடி சரியா உக்காராது, மேல கல்லு வச்சிருக்கேன்" என்கிறாள். ஒரே ஒரு பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடக்கிறாள். திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஆள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறான். முடிந்தது. நான் அலமாரிப் பக்கத்தில் நின்றபடியே படித்திருக்கிறேன், உட்கார வேண்டும் என்றே தோன்றவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசலில் மணியடித்துச் சலித்துத் திரும்பிப் போயிருக்கிறார், என் காதில் விழவில்லை. காகிதத்தில் கொஞ்சம் மை, அவ்வளவுதானே இது. வடம் இல்லை, மோட்டார் இல்லை. ஒரு மனிதனை நின்ற இடத்திலிருந்து தூக்கிக்கொண்டுபோய் எங்கேயோ இறக்கிவிட்டுவிட்டதே, எப்படி? என் வேலைக்காலம் முழுதும் எத்தனையோ லிஃப்டில் ஏறியிருக்கிறேன், ஒன்றும் என்னை இவ்வளவு உயரம் கொண்டுபோனதில்லை. இதை எழுதும்போதுகூட மயிர்க்கூச்செறிகிறது.

இந்த ஆச்சரியத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படிச் சும்மா இருப்பான். அவள் திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டேன். "அந்தப் பச்சை நூல் புத்தகம் இருக்கே, கடைசியில அந்த அம்மா சாவாங்கன்னு நினைச்சியா? சாகலம்மா. சாவியை மகன் கையில குடுத்துட்டு, ஒரே ஒரு பையோட கிளம்பிப் போறாங்க. அந்த வயசுல. திரும்பிக்கூடப் பாக்கல" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். மற்ற தையலையும் வெட்டியாகிவிட்டது, இனி நிம்மதியாகப் படி என்றும் சொன்னேன். ஒரு சபாஷ் வரும் என்று எதிர்பார்த்தேன்.

அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "வெட்டிட்டீங்களா?" என்றாள்.

அப்புறம்தான் தெரிந்தது, தைத்ததே அவள்தான் என்று. உயிருக்கு உயிரான புத்தகம் என்றால் கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்தி, ஊசி நூல் எடுத்துத் தைத்துவிடுவாளாம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இந்த வழக்கமாம். நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நான் ஏன் என்று கேட்டேன். "முடிவு தெரிஞ்சுட்டா அவங்க கிளம்பிப் போயிடுவாங்க. தெரியாத வரைக்கும் இங்கதான் சுத்திட்டு இருப்பாங்க. நான் எழுத உக்காந்தா பின்னாடி வந்து நிப்பாங்க. அந்த அம்மா இருந்ததாலதான் எங்கம்மாவ நான் இவ்வளவு தூரம் எழுதினேன். இப்ப அவங்களையும் அனுப்பி வச்சுட்டீங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அன்றிலிருந்து அவள் படிக்கவில்லை மச்சான். எழுதவும் இல்லை. பதிப்பாளர் சொன்னாரே, அது நடந்துவிட்டது. வீடு வீடாகவே இல்லை. இப்போது பால் வழிவதே கிடையாது. அடுப்புக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்று, பொங்கி வரும்போது டக்கென்று அணைக்கிறாள். நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு புத்தகத்தைத் திரும்பத் தைத்துப் பார்த்தேன், பதற்றத்தில் முதல் அத்தியாயத்தைத் தைத்துவிட்டேன், கூடவே மேஜை விரிப்பையும். "நான் சொன்னதை மறந்துடு" என்று சொன்னேன், அதற்கு அவள் பார்த்த பார்வையில் எனக்கே நான் சொன்னது மறந்துவிட்டது. மகளுக்குப் போன் போட்டேன். "அப்பா, நீங்க கொஞ்ச நாள் எங்க வீட்டுக்கு வந்துடுங்களேன், இங்க படிக்கிறவங்க யாரும் இல்ல" என்கிறாள். பதிப்பாளரிடம் உள்ளதைச் சொன்னேன். முழுதும் கேட்டுக்கொண்டார். அப்புறம், "நீங்க எதுக்கு சார் ரிட்டையர் ஆனீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஆகவே மச்சான், நீங்கள்தான் வர வேண்டும். சின்ன வயதில் அவள் கையில் முதல் புத்தகத்தைக் கொடுத்துக் கெடுத்தவர் நீங்கள் என்ற முறையில் உங்களுக்கும் பொறுப்பு உண்டு. அவள் பார்க்காத புத்தகமாக ஒரு மூட்டை கட்டிக்கொண்டு வாருங்கள். அவள் மறுபடி ஒன்றைக் கையில் எடுத்துவிட்டால் போதும், தரை முழுதும் பால் ஓடினாலும் நான் வாய் திறக்காமல் துடைக்கிறேன். அத்தை கதை பாதியில் நின்றுவிடக் கூடாது. நான் அவர்களுக்கு மருமகனாக ஒன்றும் பெரிதாகச் செய்ததில்லை, இதைக் கெடுத்தவன் என்ற பெயராவது வராமல் இருக்கட்டும். இன்னொன்றும் அவளிடம் நீங்களே சொல்லுங்கள்: இந்த ஆயுளில் இனி நான் கதைப் புத்தகத்தைக் கையால் தொட மாட்டேன். எனக்கு அதில் அக்கறையும் இல்லை, ஆசையும் இல்லை. உங்கள் மேல் ஆணை.

உங்கள் வீட்டில் அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். உங்கள் பிள்ளைகள் எல்லாரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும், ஓய்வு பெற்ற பிறகு செய்வதற்கு ஏதாவது ஒரு வேலையோடும் இருக்க வாழ்த்துகிறேன். உங்கள் வருகையை வாசலில் நின்று எதிர்பார்க்கும்,

பணிவுள்ள,
தங்கை வீட்டுக்காரன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தபால் தலை வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் உங்கள் தங்கை அந்தப் பச்சை நூல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எப்படியும் கெட்டுப்போனது கெட்டுப்போனதுதான், நாமே படித்துவிடுவோம் என்று கடைசி அத்தியாயத்தைப் படித்திருக்கிறாள். "அது அம்மான்னு உங்களுக்கு யார் சொன்னா?" என்றாள். ஏன் என்றேன். "அம்மா இந்த அத்தியாயத்தோட ஆரம்பத்துலயே போய்ச் சேந்துட்டாங்க. இது அவங்களப் பாத்துக்க வந்த நர்ஸு. சாவி வாங்கிக்கிறவன் வீட்டை விலைக்கு வாங்கினவன். மகனும் இல்ல ஒண்ணும் இல்ல" என்றாள். எனக்கு அசடு வழிந்தது. மேலே இருந்து சோதித்தால் கீழே இருப்பது தெரியத்தான் செய்யாது. "இடுப்புலேர்ந்து சாவியை எடுத்தாங்களே. அத்தை அப்படித்தானே எடுப்பாங்க. அதான் அம்மான்னு நினைச்சுட்டேன்" என்றேன்.

அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன், சிரித்தாள், அப்புறம் கொஞ்சம் அழவும் செய்தாள். "அப்ப நீங்க சொன்ன முடிவு எந்தப் புத்தகத்துலயும் இல்ல" என்றாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினவள்தான், எழுதிக்கொண்டே இருக்கிறாள். நடுவில் ஒரு தடவை வெளியே வந்து, அவள் நாவலில் அத்தை கையில் எடுத்துப்போகும் பையில் என்ன இருக்கும் என்று என்னைக் கேட்டாள். என்னை, மச்சான். மாற்றுப் புடவையும் டார்ச் லைட்டும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் கை கால் ஓடவில்லை.

ஒரு சின்ன உதவி. அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து படிக்கிறேன் என்று கேட்டதற்கு, "வேண்டாம், ஆரம்பம் தெரிஞ்சா நீங்க கெட்டுப் போயிடுவீங்க" என்று சொல்லி அலமாரியைப் பூட்டிவிட்டாள். அந்த வீட்டுக்கு நர்ஸ் எப்படி வந்தாள், மகன் என்று ஒருவன் இருந்தானா இல்லையா, எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும். உங்கள் கடையில் இன்னொரு பிரதி கிடந்தால், ஏதாவது மோட்டார் பம்பு சம்பந்தப்பட்ட புத்தகத்தின் அட்டையைப் போட்டு என் பெயருக்கு அனுப்பிவைக்கவும். மேலே இட்ட ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மற்றபடி நீங்கள் இப்போது கிளம்பி வர வேண்டாம். வீட்டிலேயே இருங்கள். அத்தை சாவியைக் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கிவிட்டார்களாம், எந்தப் பக்கம் போவார்கள் என்று இன்னும் முடிவாகவில்லை. உங்கள் பக்கம் வந்தாலும் வருவார்கள்.